பட்டச் சான்றிலிருந்து முதல் வக்காலத்து வரை: தமிழ்நாட்டில் புதிதாக வக்கீல் ஆகிறவர்களுக்கு

சட்டக் கல்லூரியில் கடைசித் தேர்வை எழுதிய நாளுக்கும், என் பெயரில் முதல் வக்காலத்து (வழக்கை நடத்தக் கட்சிக்காரர் வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) தாக்கலான நாளுக்கும் நடுவில் 19 மாதம் போனது. சான்றிதழில் இருந்த ஒரே ஓர் எழுத்துக் குளறுபடியில் 5 மாதம், எதுவும் கற்றுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலகத்தில் 7 மாதம். வீட்டில் யாரும் கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள் இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். உங்களுக்கு அந்த 12 மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படித்தவருக்கு ஹவுஸ் சர்ஜன் காலம் இருக்கிறது. ஆடிட்டர் ஆகிறவருக்கு ஆர்ட்டிகிள்ஷிப் இருக்கிறது. வக்கீலுக்கு அப்படிச் சட்டம் கட்டாயமாக்கிய பயிற்சிக் காலம் எதுவும் இப்போது கிடையாது. பதிவு செய்த மறுவாரமே ஒருவருடைய வீட்டையோ சுதந்திரத்தையோ தீர்மானிக்கும் வழக்கில் நீங்கள் நிற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆகவே பயிற்சியை நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. எல்லாச் சான்றிலும் ஒரே பெயர்தானா என்று பாருங்கள்

இதைக் கடைசிப் பருவம் முடிவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று, பட்டச் சான்று, சட்டப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வையுங்கள். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஒன்றில் பெயருக்கு முன்னால் இனிஷியல், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், பட்டத்தில் இனிஷியலே இல்லை. நமக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. சரிபார்க்கிறவருக்கு அது வேறு வேறு ஆள். என் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து பத்தாம் வகுப்பில் இரண்டு தடவையும் பட்டத்தில் ஒரு தடவையும் வந்திருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். திருத்தம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில்தான் அந்த 5 மாதமும் போனது.

பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி திருத்துங்கள். ஆதார் திருத்தம் சீக்கிரம் முடிந்துவிடும். பல்கலைக்கழகத் திருத்தம் இழுக்கும். பெயரையே மாற்றிக்கொண்டவர் என்றால் அரசிதழில் வெளியான பக்கத்தைப் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடமெல்லாம் கேட்பார்கள்.

2. ஆவணக் கட்டு

பதிவு செய்வது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த மாநில பார் கவுன்சிலில்தான் பதிய வேண்டும். பதிந்தபின் இந்தியாவில் எங்கும் ஆஜராகலாம். பின்னாளில் நிரந்தரமாக வேறு மாநிலத்துக்குப் போனால் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

பார் கவுன்சில் அவ்வப்போது வெளியிடும் பட்டியலைப் பார்த்துக் கட்டைத் தயார் செய்யுங்கள். அதில் என்ன மாறினாலும் இவை கட்டாயம் தேவைப்படும்: பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள்; மூன்றாண்டு சட்டப் படிப்பு என்றால் முதல் பட்டத்தின் சான்றும் மதிப்பெண் பட்டியலும்; சட்டப் பட்டத்தின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள்; பட்டச் சான்று, அது இன்னும் வரவில்லை என்றால் தற்காலிகச் சான்று; கல்லூரி மாற்றுச் சான்றும் நன்னடத்தைச் சான்றும்; அடையாள, முகவரிச் சான்றுகள்; சாதிச் சான்று; புகைப்படங்கள்.

மாற்றுச் சான்றைக் கல்லூரியிலிருந்து வாங்கின அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். அசலை எங்காவது கொடுத்தால் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். தற்காலிகச் சான்றுக்குத் தேர்வு முடிவு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருந்தால் ஒரு வருடம்கூட ஆகலாம்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முறையாகப் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிட்டு அதன்மேல் சட்டம் படித்தவர்களை, இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஏற்பதில்லை. பன்னிரண்டாவது முடித்தபின் அஞ்சல் வழியில் பட்டம் பெற்றதில் அந்தச் சிக்கல் கிடையாது. அடிப்படைப் படிப்பின் வரிசைதான் முக்கியம். இதைச் சட்டப் படிப்பில் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடம் படித்து முடித்துவிட்டுப் பதிவுக் கவுண்டரில் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் மறக்கவில்லை. உங்கள் தம்பி தங்கை யாராவது சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தால் இந்தப் பத்தியை அவர்களிடம் காட்டுங்கள்.

3. கட்டணம் எவ்வளவு?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 24-ஆம் பிரிவு கட்டணத்தை எழுதியே வைத்திருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக 750. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100-ம் 25-ம் சேர்த்து 125. இதனுடன் முத்திரைத் தீர்வை தனி.

பல மாநிலங்களில் வெவ்வேறு தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன தொகைக்கும் முத்திரைத் தீர்வைக்கும் மேல் பதிவுக்காக எதையும் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. 2025-இல், ‘விருப்பக் கட்டணம்’ என்ற பெயரிலும் வாங்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. ஆகவே யாராவது இடைத்தரகர் “மொத்தமாக இவ்வளவு கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்” என்றால் விலகிவிடுங்கள். கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர் என்றால் சென்னைக்கு இரண்டு மூன்று பயணம், நகல்கள், சான்றொப்பம், பிரமாணப் பத்திரம், கோட்டு, கவுன். அப்புறம் வருமானமே இல்லாத முதல் ஆறு மாதச் சாப்பாடும் வாடகையும். கையில் அந்த ஆறு மாதத்துக்கான பணம் இருக்கிறதா, வீட்டில் தாங்குவார்களா என்பதைப் பதிவுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலருக்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை, இந்தக் கணக்கைப் போடாததுதான் காரணம்.

4. மறைக்கக் கூடாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, வேலை. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. கம்பெனியிலோ அரசாங்கத்திலோ இருந்தால் ராஜினாமா செய்து, விடுவிப்பு ஆணையை வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். பதிவான பிறகு வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்தக் காலத்துக்குத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் அதுவே சாட்சி.

இரண்டு, வழக்கு. உங்கள் மேல் குற்ற வழக்கு இருந்தால், கல்லூரிக் காலத்துப் போராட்ட வழக்காக இருந்தாலும், விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். காவல்துறை மூலம் விசாரிப்பார்கள். வழக்கு இருப்பது ஒரு சிக்கல் என்றால், மறைத்தது அதைவிடப் பெரிய சிக்கல். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பதிவை நீக்கும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு. பத்து வருடம் தொழில் செய்தபின் நீக்கப்பட்டால் எங்கே போவீர்கள்? எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எது இருக்கிறதோ அதை விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

5. பதிவு நாள்

உறுதிமொழி ஏற்கும் நாளில் உங்களுக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். இ-கோர்ட்ஸ் என்கிற நீதிமன்ற இணையத் தாக்கலிலிருந்து வக்காலத்து வரை இனி எல்லாவற்றிலும் அந்த எண்தான். சான்றிதழைக் கையில் வாங்கிய உடனே பெயரையும் தந்தை பெயரையும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

உடைக்கு விதி இருக்கிறது: கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப் பட்டை. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் கவுன் கட்டாயம், கீழ் நீதிமன்றங்களில் விருப்பம். கோட்டு ஒன்று போதும், கழுத்துப் பட்டை நாலைந்து வாங்குங்கள். நம் வெயிலுக்கு இரண்டாம் நாளே அழுக்காகிவிடும்.

புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது: பார் கவுன்சில் வேறு, வழக்கறிஞர் சங்கம் வேறு. பதிவு தருவது கவுன்சில். நீங்கள் தினமும் போகும் நீதிமன்றத்தில் உட்கார இடம், நூலகம், பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கும் மூத்தவர்கள், இதெல்லாம் சங்கத்தில் கிடைப்பவை. சங்க உறுப்பினர் ஆவதற்கு அவசரம் இல்லை. எந்த ஊரில் நிலைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்த பின் சேருங்கள்.

6. அகில இந்திய பார் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள்

பதிவு செய்ததும் நீங்கள் பெறுவது தற்காலிக அனுமதி. இரண்டு வருடத்துக்குள் ஏ.ஐ.பி.இ. எனப்படும் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அதன்பின், தேறும் வரை, வக்காலத்து போட முடியாது.

‘இரண்டு வருடம் இருக்கிறதே’ என்று நானும் நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். 17-ஆவது தேர்வு 2023 பிப்ரவரி 5 அன்று நடந்தது. 18-ஆவது 2023 டிசம்பர் 10. 19-ஆவது 2024 டிசம்பர் 22. 20-ஆவது 2025 நவம்பர் 30. அதாவது இந்த வேகத்தில் நடந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வாய்ப்பு. விண்ணப்பத் தேதியை ஒரு தடவை கோட்டைவிட்டால் ஒரே வாய்ப்பு. நான் ஒரு தடவை கோட்டைவிட்டேன். அடுத்த தேர்வு வரைக்கும் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். பதிவானபின் வரும் முதல் தேர்வையே எழுதிவிடுங்கள். 2024-இல் உச்ச நீதிமன்றம் கடைசிப் பருவ மாணவர்களையும் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அனுமதிக்கச் சொன்னது. ஆகவே நீங்கள் இன்னும் மாணவர் என்றாலும் அறிவிக்கையின் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

தேர்வு இப்படி இருக்கும்: 100 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேறுவதற்குப் பொதுப் பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். அண்மைத் தேர்வுகளில் விண்ணப்பக் கட்டணம் முறையே 3,500, 2,500 ரூபாய்.

குறிப்பு இல்லாத பேர் ஆக்டை, அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை, கொண்டுபோகலாம். இதைக் கேட்டதும் பலர் படிக்காமலே போகிறார்கள். நூறு கேள்விக்கும் புத்தகத்தைப் புரட்டித் தேடினால் நாற்பது கேள்விகூட முடியாது. பிரிவு எண் ஏறத்தாழத் தெரிந்தால்தான் புத்தகம் உதவும். அரசியலமைப்பு, உரிமையியல் நடைமுறைச் சட்டம், குற்றவியல் நடைமுறை இந்த மூன்றுக்கும் தலா 10 மதிப்பெண். தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்துரிமை மாற்றமும் சேர்ந்த பகுதி, இந்த நான்குக்கும் தலா 8. இந்த ஏழு பகுதியே 62 மதிப்பெண். இதை முழுசாகப் படித்தால் தேறிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டங்களுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன. சீனியர் அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பு இருந்தாலும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

7. சீனியரைத் தேடுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் சீனியர் பெயர் பெற்றவர். அலுவலகத்தில் ஏற்கெனவே எட்டு ஜூனியர்கள். ஏழு மாதத்தில் நான் செய்தது கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது, வாய்தா வாங்கியது, அவ்வளவுதான். ஒரு மனுகூட நான் எழுதியது இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நேரம் இல்லை. நான்தான் தவறான கேள்வியை வைத்துத் தேடியிருந்தேன். ‘யார் பெரிய வக்கீல்?’ என்று தேடினேன். ‘யாரிடம் என் கைக்கு வேலை வரும்?’ என்று தேடியிருக்க வேண்டும்.

எப்படித் தேடுவது? நீதிமன்றம் எல்லாருக்கும் திறந்தது. இரண்டு வாரம், நீங்கள் தொழில் செய்ய நினைக்கும் ஊரின் முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் பின்வரிசையில் உட்காருங்கள். யார் தினமும் வருகிறார், யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது யாருடைய கேள்வி சுருக்கமாக இருக்கிறது, யாருடைய ஜூனியர் எழுந்து நின்று தானே பேசுகிறார் என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிகச் சரியான அடையாளம். ஜூனியரைப் பேச விடுகிறவர் உங்களையும் பேச விடுவார். அப்புறம் அந்த ஜூனியரிடம் டீக்கடையில் பத்து நிமிடம் பேசுங்கள். எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும்விட அது பயன்படும்.

உயர் நீதிமன்றமா, விசாரணை நீதிமன்றமா என்று கேட்பீர்கள். என் கருத்தில் முதல் இரண்டு வருடம் விசாரணை நீதிமன்றம்தான். உயர் நீதிமன்றத்தில் ரிட்டும் மேல்முறையீடும் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் அங்கே வரும் கட்டு ஒவ்வொன்றும் கீழே யாரோ சாட்சி விசாரித்து, ஆவணம் குறியிட்டு உருவாக்கியது. அது எப்படி உருவாகிறது என்று தெரியாமல் மேலே வாதாடுவது கடினம். இதற்கு மாறாகச் சொல்கிற நல்ல வக்கீல்களும் இருக்கிறார்கள்.

சேரும் முன் நான்கு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை ஜூனியர் இருக்கிறார்கள்? மனு வரைவு எழுதத் தருவீர்களா, திருத்தித் தருவீர்களா? மாலையில் அலுவலகம் எத்தனை மணி வரை? மாதம் எவ்வளவு? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லாருக்கும் நா எழாது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரை மட்டுமே. நடைமுறையில் நிறையப் பேர் அதைவிட மிகக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். எனக்கு முதலில் கிடைத்தது மாதம் 5,000. இருந்தாலும் இப்படி ஒரு தொகை எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவதற்கும் தெரியாமல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு.

பெண்களுக்கு இன்னொன்று. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கவில்லை என்றால் அதுவே போதுமான பதில். மாலை வேலை இரவு ஒன்பதைத் தாண்டுமா, வீட்டுக்கு எப்படிப் போவது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

மூன்று மாதம் ஆகியும் ஒரு வரைவுகூட உங்கள் கைக்கு வரவில்லை என்றால் நேரில் கேளுங்கள். இன்னும் இரண்டு மாதம் பாருங்கள். பிறகும் இல்லை என்றால் மரியாதையாகச் சொல்லிவிட்டு விலகுங்கள். சீனியரை மாற்றுவது துரோகம் இல்லை.

8. முதல் ஆறு மாதம் எதைக் கற்பது

எல்லாரும் வாதாடத்தான் ஆசைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் குமாஸ்தாவிடம் போய் நில்லுங்கள். முப்பது வருடம் கோர்ட்டில் நடந்தவருக்குத் தெரிந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அண்ணா என்று கூப்பிட்டு, கூடவே நடந்து, இந்தச் சில்லறை வேலைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பேட்டா கட்டுவது. எதிர்த்தரப்புக்குச் சம்மன் போக வேண்டும் என்றால் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அதற்காகவே வழக்குத் தள்ளுபடி ஆகலாம். கட்சிக்காரர் பணம் கொடுத்திருப்பார், நீங்கள் மறந்திருப்பீர்கள், வழக்குப் போய்விடும்.

ரிட்டர்ன். தாக்கல் செய்த மனு குறைபாட்டோடு திரும்பி வரும். எத்தனை நாளுக்குள் சரிசெய்து மறுபடி தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்தத் தேதியை அன்றே டைரியில் எழுதுங்கள். ரிட்டர்ன் குறிப்புகளைச் சேர்த்து வைத்தால் அதைவிடச் சிறந்த வரைவுப் பாடம் கிடையாது. நான் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நகல் மனு. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் பெற ஆகும் நாள்களை மேல்முறையீட்டுக் காலத்திலிருந்து கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கழியும். தாமதமாக விண்ணப்பித்த நாள்கள் உங்கள் கணக்கு.

தேதிகள். இவற்றை மனப்பாடமாக வையுங்கள். எதிர்வழக்குரை (வழக்குக்கு எதிர்த்தரப்பு தரும் எழுத்துப் பதில்) 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள். ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீட்க 30 நாள். உரிமையியல் மேல்முறையீடு மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். காசோலை வழக்கு என்றால், வங்கி திருப்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். கைதானவருக்கு 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை. புதிதாக வருகிறவரிடம் முதலில் வருவது பெரும்பாலும் காசோலை வழக்கும் ஜாமீன் மனுவும்தான். அங்கே ஒரு நாள் தவறினால் கட்சிக்காரருக்கு அது ஒரு வாழ்க்கை.

டைரி. இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். இருந்தாலும் காகித டைரியை விடாதீர்கள். கோர்ட்டில் தேதி சொன்ன நொடியில் எழுதுங்கள், மாலையில் செயலியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் மறுநாள் காலை பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள்.

தமிழ். கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான். ஆங்கில வழியில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்தவர் ஒரு மூலப்பத்திரத்தைப் படிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் திணறினேன். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, நான்கெல்லை விவரம், புல எண் உட்பிரிவு, இவற்றைப் படிக்கத் தெரியாமல் ஒரு சொத்து வழக்கும் நடத்த முடியாது. அலுவலகத்தில் இருக்கும் பழைய கட்டுகளில் தினம் ஒரு பத்திரத்தை எடுத்து, யாரிடமிருந்து யாருக்குச் சொத்துப் போனது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இரண்டே மாதத்தில் கை பழகிவிடும். தமிழ்த் தட்டச்சும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாய்தா கேட்கப் போகும்போதுகூடக் கட்டைப் படித்துவிட்டுப் போங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை எத்தனை தடவை நம் தரப்பு வாய்தா கேட்டிருக்கிறது, ஏன் இன்று முடியாது, இந்த மூன்றையும் நீதிபதி கேட்பார். உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. “சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்” என்பதற்கு மேல் உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

9. உங்கள் பெயரில் முதல் வக்காலத்து

வக்காலத்தில் கட்சிக்காரரின் கையெழுத்து, அதற்குச் சாட்சி, நீங்கள் ஏற்றுக்கொண்ட கையெழுத்து, பதிவு எண், முகவரி, நீதிமன்றக் கட்டண வில்லை, வழக்கறிஞர் நல நிதி வில்லை, இத்தனையும் வேண்டும். வெற்றுத் தாளில் மட்டும் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள், சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கும் வழக்கு என்றால் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் தர மறுத்தால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். சம்மதம் கேட்டு நேரில் போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். அசல் பத்திரங்களைக் கட்சிக்காரரிடமிருந்து வாங்கினால் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வரவில்லை என்பதற்காக அந்தக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டே சொல்லிவிட்டது.

10. ஆஜரானதற்கு ஆதாரம் சேருங்கள்

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்பதைத் திரும்பவும் கொண்டுவந்தது. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து கணக்கிடப்படும். அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தர வேண்டும்; இல்லையென்றால் குறைந்தது பத்து வருடம் தொழில் செய்த வக்கீல் ஒருவர் சான்று தர, அந்த மாவட்டத்தின் அல்லது ஊரின் முதன்மை நீதித்துறை அலுவலர் அதில் மேலொப்பம் இட வேண்டும்.

நீதிபதி ஆகும் எண்ணம் இன்று உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். எனக்கும் இல்லை. ஆனால் மூன்றாம் வருடம் மனம் மாறிய நண்பர் ஒருவர், தான் ஆஜரான வழக்குகளின் எண்களைத் தேடி ஒவ்வொரு கோர்ட்டாக ஏறி இறங்கினார். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நீதிமன்றம், வழக்கு எண், யாருக்காக, அன்று என்ன நடந்தது, ஒரு வரி போதும். உங்கள் பெயர் வந்திருக்கும் உத்தரவு நகலை மாதம் ஒரு தடவை பதிவிறக்கி ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் செய்யலாம் என்று விடாதீர்கள், மாலையில் அலுவலகம் கிளம்பும் முன் கோர்ட்டு வராந்தாவிலேயே எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.